ஹோலா டீச்சர்!
'வீட்ல பேசுறதே ஸ்பானிஷ்தான். இதுக்கெதுக்கு பரீட்சை?' அமெரிக்காவில் ஸ்பானிஷ் டீச்சராகக் கிளம்புகிறவர்களைக் கவிழ்த்துவிடும் நினைப்பு இது!

அங்கே பல மாநிலங்களில் ஆசிரியர் உரிமத்துக்கு 'பிராக்சிஸ்' தேர்வு எழுதணும். நடத்துவது இ.டி.எஸ். நிறுவனம். மதிப்பெண் 100 முதல் 200 வரை. பாஸ் மார்க் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நாலு பகுதி.

வீட்டு ஸ்பானிஷ்காரர்கள் மாட்டுவது எழுத்தில். 'எஸ்தா'வின் கடைசி எழுத்து மேல ஒரு குட்டிக் கோடு போட்டால் 'இருக்கிறது', போடாவிட்டால் 'இந்த'! புத்தகத்தில் கற்றவர்கள் திணறுவது பேச்சில். எதிரே ஆள் கிடையாது. மைக்கும் ஓடுகிற கடிகாரமும்தான்!

காதுக்கும் வேலை உண்டு. பஸ்ஸுக்கு கியூபாவில் 'குவாகுவா', மெக்சிகோவில் 'கமியோன்'. அதே 'கமியோன்' ஸ்பெயினில் லாரி!

தப்பிக்க வழி? தினம் ஒரு நாட்டு ரேடியோ செய்தி. கேட்டதை நாலு வரி எழுதணும். அப்புறம் ரெண்டு நிமிஷம் சத்தமா பேசி, செல்போனில் பதிவு பண்ணி, போட்டுக் கேட்கணும். சொந்தக் குரலைக் கேட்கக் கூச்சமாத்தான் இருக்கும். ஆனா, நாளைக்கு ஒரு வகுப்பே ஸ்பானிஷ் கத்துக்கப்போறது அந்தக் குரல்லதானே!