கோன்யாக்: பீப்பாய்க்குள் விளையும் சுவை

பிரான்ஸின் தென்மேற்கே, ஷராந்த் ஆற்றங்கரையில் இருக்கிறது கோன்யாக் நகரம். அந்த வட்டாரத்துத் திராட்சையிலிருந்து அங்கேயே வடித்து முதிரவைத்த பிராந்திக்கு மட்டுமே அந்தப் பெயர் செல்லும்.

பெரும்பாலும் யூனி பிளாங் என்ற வெள்ளைத் திராட்சைதான் மூலப்பொருள். அதன் ஒயினில் புளிப்பு அதிகம், ஆல்கஹால் சுமார் 9 சதவீதம்தான். குடிக்க அவ்வளவு ருசிக்காது; ஆனால் அந்தப் புளிப்பே வடிக்கும்வரை ஒயினைக் கெடாமல் காக்கிறது. செம்பு வாலையில் இருமுறை வடித்து, முதலில் வரும் 'தலை'யையும் கடைசியில் வரும் 'வால்' பகுதியையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். அப்போது ஆல்கஹால் 70 சதவீதத்தை ஒட்டியிருக்கும். பழ வாசனை இருக்கும், நிறம் இருக்காது.

நிறத்தையும் மீதிச் சுவையையும் தருவது லிமூசின், த்ரோன்சே காடுகளின் ஓக் மரம். பீப்பாய் செய்யும்போது உட்புறத்தை நெருப்பில் வாட்டுவார்கள். அந்தச் சூட்டில் மரத்தின் லிக்னின் சிதைந்து, வனிலா மணம் தரும் வனிலின் உண்டாகிறது. பிறகு மரத்தின் துளைகள் வழியே காற்று மெல்ல உள்ளே வர, சாராயம் ஆவியாக வெளியேறுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் இப்படிப் போய்விடும். 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். அந்த ஆவியை உண்டு வளரும் பாடோயினியா என்ற பூஞ்சை, கிடங்குகளின் சுவரையும் கூரையையும் கரி பூசியதுபோல் கறுக்க வைக்கிறது.

முதல் சில ஆண்டுகளில் வனிலாவும் வாட்டிய மரமும் தூக்கலாகத் தெரியும். பத்தாண்டை நெருங்கும்போது உலர்பழம், ஆரஞ்சுத் தோல், இலவங்கப்பட்டை வாசனைகள் கூடும். இன்னும் முதிர்ந்தால் 'ரான்சியோ' வரும்: வால்நட், காளான், பழைய தோல் எல்லாம் கலந்த மணம். கொழுப்பு அமிலங்கள் காற்றுபட்டு மீதைல் கீட்டோன்களாக மாறுவதே இதற்கு முக்கியக் காரணம். நீலப் பூசணப் பாலாடைக்கட்டியின் வாசனைக்கும் இதே வகைச் சேர்மங்கள்தான் காரணம்.

லேபிளில் வி.எஸ். என்றால் குறைந்தது 2 ஆண்டு, வி.எஸ்.ஓ.பி. என்றால் 4, எக்ஸ்.ஓ. என்றால் 2018 முதல் 10. பல வயதுச் சாராயங்களைக் கலப்பதால், அவற்றில் மிக இளையதன் வயதுதான் கணக்கு. நிறத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. ஏனெனில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க விதி இடம் தருகிறது.

போதுமான அளவு முதிர்ந்ததும் பெரிய கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றிவிடுவார்கள். மரமும் காற்றும் இல்லாவிட்டால் முதிர்ச்சி அத்தோடு நின்றுவிடும். எனவே அலமாரியில் முப்பது வருடம் பூட்டி வைத்தாலும், பத்தாண்டு கோன்யாக் பத்தாண்டு கோன்யாக்தான்.