வீதியைக் காக்கும் சிறு கடைகள்

நகரத்திலே மனத்துக்கு உகந்த இடம் எது என்று வினவினால், பெருஞ்சாலைகளையும் வானளாவிய மாளிகைகளையும் சுட்டுவோர் சிலரே. காலாற நடந்து சென்று, பாணும் பழமும் வாங்கி, கடைக்காரரோடு இரண்டு வார்த்தை பேசி மீளத்தக்க தெருவையே பலர் விரும்புவர். இவ்விருப்பம் வெறும் பழமைப் பற்றன்று. அதற்கு ஆராய்ந்தறியத்தக்க காரணங்கள் உள என எடுத்துக்காட்டியவர் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி.

1916 ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்திற் பிறந்த இவர், நகரமைப்புத் துறையிற் பட்டம் பெற்றவரல்லர், பத்திரிகை எழுத்தாளர். 1947 இல் இவரும் கட்டடக் கலைஞரான இவர் கணவரும் நியூயோர்க் நகரின் கிறினிச் வில்லேஜ் பகுதியிலே, ஹட்சன் வீதியில் 555 ஆம் இலக்க வீட்டை வாங்கினர். அவ்வீட்டு யன்னலே இவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. அங்கிருந்து கண்டவற்றைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டு, அமெரிக்கப் பெருநகரங்களின் இறப்பையும் வாழ்வையும் பற்றி 1961 இல் ஒரு நூல் வெளியிட்டார்.

அந்நூலில் வரும் நிகழ்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. ஒரு நாள் எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை ஓர் ஆடவன் தன்னோடு வருமாறு வற்புறுத்திக்கொண்டிருந்தான். சிறுமியோ அசையாது சுவரோடு ஒட்டி நின்றாள். மேல்மாடியிலிருந்து நோக்கிய ஜேக்கப்ஸ், தாம் இறங்கிச் செல்வதா என எண்ணுவதற்குள்ளேயே, இறைச்சிக் கடையிலிருந்து அதன் உரிமையாளரின் மனைவி வெளியே வந்து நின்றார். பலசரக்குக் கடைக்காரரும், பழக்கடைக்காரரும், பூட்டுத் திருத்துவோரும், சலவைக்கடை உரிமையாளரும் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ஆடவன் அறியாமலே அவனைச் சுற்றி ஒரு வளையம் அமைந்துவிட்டது. இறுதியில் அவன் அச்சிறுமியின் தந்தையே என்பது தெரியவந்தது. ஆயினும், அவன் வேறொருவனாக இருந்திருந்தால் அவளை அங்கிருந்து கொண்டுசென்றிருக்க இயலுமா? காவற்படையினர் எவரும் அழைக்கப்படவில்லை. கடைகள் திறந்திருந்தமையே போதுமானதாயிற்று.

கடைக்காரர் தம் வாசலைப் பார்த்திருப்பது அறத்தின்பாற்பட்டது மட்டுமன்று. அச்சம் நிறைந்த தெருவுக்கு வாடிக்கையாளர் வாரார் என்பதையும் அவர் அறிவார். வெளியூர் செல்லும் அயலார், விருந்தினருக்குக் கொடுக்கும்படி வீட்டுத் திறவுகோலைப் பலசரக்குக் கடையிலே ஒப்படைத்துச் செல்வது அங்கு வழக்கம். நெருங்கிய நண்பரிடம் அன்றி, நம்பத்தக்க, ஆனால் வீட்டு விடயங்களில் தலையிடாத ஒருவரிடம் கொடுப்பதே அதன் நயம். யாழ்ப்பாணத்துச் சந்திக் கடைகளை அறிந்தோருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இத்தகைய தெரு தானாகவே தோன்றுவதன்று. முதலாவது, வீதிகள் அடிக்கடி ஒன்றையொன்று சந்தித்தல் வேண்டும். 1811 ஆம் ஆண்டின் திட்டப்படி வகுக்கப்பட்ட மன்ஹற்றன் வீதிகளிற் பல, ஏறத்தாழ 800 அடிக்கு ஒரு முறையே குறுக்கு வீதியைச் சந்திக்கின்றன; அண்டை வீதியில் வாழ்வோர்கூட ஒருவரையொருவர் காண்பது அரிது. கிறினிச் வில்லேஜின் மேற்குப் பகுதியோ அத்திட்டத்திற்கு முந்தியது. அங்கே நான்காம் வீதி வளைந்து சென்று பத்தாம், பதினோராம், பன்னிரண்டாம் வீதிகளைக் குறுக்கறுத்துச் செல்லும்! வழி தவறிய அந்நியர் சினந்துகொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முடக்கும் ஒரு கடைக்கு இடமளிக்கின்றது. இரண்டாவது, பகலிலும் இரவிலும் வெவ்வேறு மக்கள் நடமாடுதல் வேண்டும். காலையிற் பள்ளிச் சிறுவர், நண்பகலிற் தொழிலாளர், நள்ளிரவு கடந்தும் அயலிலுள்ள மதுச்சாலைக்கு வருவோர் என ஹட்சன் வீதியில் ஆள் நடமாட்டம் ஓயவில்லை. மூன்றாவதே பலர் மறப்பது: பழைய கட்டடங்கள் வேண்டும். புதுக் கட்டடத்தின் செலவை ஈடுசெய்யும் வாடகையை வங்கியும் பெரு நிறுவனமும் கொடுக்கும். செருப்புத் தைப்பவராற் கொடுக்க இயலாது.

இப்பழைய கட்டடங்களையே மாநகர ஆட்சியினர் சேரி எனக் கருதினர். 1961 பெப்ரவரியில் இப்பகுதியின் பதினான்கு தொகுதிகளைப் புனரமைப்புக்கு உட்படுத்தும் ஆய்வு அறிவிக்கப்பட்டது. ஜேக்கப்ஸும் அயலாரும் ஒன்றுகூடி எதிர்த்தனர். அடுத்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. 1969 இல் கிறினிச் வில்லேஜ் வரலாற்றுப் பகுதியாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

எனினும், இடித்தழிக்கும் இயந்திரத்தை வென்ற தெருவை, அதன் புகழே பின்னர் வருத்தியது. ஓரிடம் விரும்பப்படும்போது அதிக வாடகை தரும் தொழில் ஒன்றே பெருகி ஏனையவற்றை வெளியேற்றிவிடும் என்பதை, அருகிலுள்ள எட்டாம் வீதியை உதாரணங் காட்டி ஜேக்கப்ஸே அந்நூலில் எழுதியிருந்தார். அங்கே உணவுச்சாலைகள் பெருகிப் புத்தகக் கடைகளையும் ஓவியக் கூடங்களையும் நெருக்கின. 1945 முதல் நியூயோர்க்கில் நிலவிய கடை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1963 இல் முடிவுற்றது. 2000 ஆம் ஆண்டுக்குப் பின் அயலிலுள்ள புளீக்கர் வீதியில் ஆடம்பர ஆடை நிறுவனங்கள் குடிபுகுந்தன. பழம்பொருட் கடைகளும் புத்தகக் கடைகளும் வெளியேறின. பின்னர் வாடகை மேலும் ஏறவே அந்நிறுவனங்களிற் பலவும் அகன்றன. கடைகள் பல பூட்டிய கதவுகளோடு கிடந்தன. வரலாற்றுப் பகுதிக்குரிய சட்டம் செங்கற் சுவரையும் யன்னற் சட்டத்தையும் காத்தது. அயலாரின் திறவுகோலைப் பெற்றுவைத்த கடைக்காரரின் வாடகைச் சீட்டைப் பற்றி அதில் ஒரு விதியும் இல்லை.