உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கிக்கு முன் விசாரணை

அமெரிக்காவில் 1998 முதல், துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியைக் கடைக்காரர் மத்தியப் புலனாய்வு அமைப்பின் மூலம் சரிபார்க்கிறார். டெக்சஸ் போன்ற மாநிலங்களில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவருக்குக் கடையில் அந்தச் சோதனை இல்லை. உரிமம் தரும்போதே அது முடிந்துவிடுகிறது.

நம் ஊரில் எல்லாருக்குமே விசாரணை முதலில், கடை பிறகு. இலுப்பூர் விவசாயி ஒருவர் பயிர்க்காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி கேட்டால், புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். காவல் நிலையத்திலிருந்து அறிக்கை போகும். 21 வயது நிரம்பாதவருக்கு உரிமம் கிடையாது. வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து 5 ஆண்டுகள் வரை துப்பாக்கி வைத்திருக்க முடியாது.

1959 ஆயுதச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு: போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி உரிமத்தை மறுக்கக் கூடாது. ஏழைக் குடியானவனையும் சமமாக நடத்தும் நல்ல விதி அது. மறுத்தால் மேல்முறையீடும் செய்யலாம்.

உரிமம் உள்ள ஒருவர் தன் துப்பாக்கியை உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்பதானாலும், ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமக் காலம் 5 ஆண்டு.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி உரிமமில்லாமல் கிடக்கிறதா? தாமதிக்காமல் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள்.