தொழிற்களமும் மனைவாயிலும்: பெரியபுராணத்தில் அன்றாட வாழ்வின் நம்பிக்கை

ஆய்வுச் சுருக்கம்

சேக்கிழார் பாடிய பெரியபுராணம் அறுபத்துமூன்று தனியடியார்களின் வரலாற்றைக் கூறுகிறது. அவர்களுள் குயவர், ஏகாலியர், பரதவர், நெசவாளர், செக்குத் தொழிலாளர், உழவர், வணிகர் எனத் தம் தொழிலிலேயே நின்று தொண்டு செய்தவர் பலர். இவ்வடியார்களின் நம்பிக்கை வழிபாட்டு நேரத்தில் மட்டும் வெளிப்படவில்லை. தொழிற்களத்திலும் மனையிலும் நாள்தோறும் வெளிப்பட்டது. அந்நம்பிக்கை சோதிக்கப்படும் இடம் எது, அதற்கான இழப்பை ஏற்போர் யாவர் என்னும் இரு வினாக்களை முன்வைத்து, தேர்ந்தெடுத்த சில புராணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பெரியபுராணம், சேக்கிழார், தொண்டு, தொழில், இல்லறம், மனைவியர், கொள்கை

முன்னுரை

ஒருவர் தாம் கொண்ட நம்பிக்கையை வாயால் உரைப்பது எளிது. அதனை உழவிலும் விற்பனையிலும் அடுக்களையிலும் கடைப்பிடிப்பது அரிது. சமய இலக்கியங்களுள் பெரும்பாலானவை முதலாவதைப் பாடுகின்றன. இரண்டாவதை விரிவாகக் கதைப்படுத்திய தமிழ் நூல்களுள் பெரியபுராணம் தலையாயது.

எட்டாம் நூற்றாண்டினரான சுந்தரர் 11 பாடல்களில் திருத்தொண்டத்தொகையைப் பாடினார். அதில் அடியார் பெயர்கள் பெரும்பாலும் ஓரிரு தொடரளவில் நின்றன. நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி அவற்றைச் சிறிது விரித்தது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டில், சேக்கிழார் அவற்றை நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட காப்பியமாக்கினார். சேக்கிழார் சோழ அரசில் அமைச்சுப் பொறுப்பு வகித்தவர் என மரபு கூறும். அலுவலில் நின்றவர் ஒருவர், தொழிலில் நின்ற அடியார்களைப் பாடினார் என்பது கருதத்தக்கது.

இவ்வடியார் வரலாறுகள் பெரும்பாலும் பக்தியின் தீவிரத்தை விளக்கும் சான்றுகளாகவே வாசிக்கப்பட்டுள்ளன. அவற்றை அன்றாட ஒழுக்கத்தின் சான்றுகளாகவும் வாசிக்க இயலும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1. தொழிலே தொண்டின் களம்

தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டர் குயவர். மண்ணோடுகளை வனைந்து அடியார்க்கு வழங்கினார். காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத்தொண்டர் அடியார்களின் ஆடைகளை வெளுத்துக் கொடுத்தார். நாகையை அடுத்த நுளைப்பாடியின் பரதவர் தலைவரான அதிபத்தர், தமக்குக் கிடைக்கும் மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விட்டார். நேசர் தாம் நெய்த ஆடையையும் கீளையும் கோவணத்தையும் அடியார்க்கு அளித்தார். திருவொற்றியூரில் செக்குத் தொழில் செய்த கலியர் கோயிலில் விளக்கேற்றினார்.

இவர்களுள் எவரும் தொண்டுக்காகத் தம் தொழிலைத் துறக்கவில்லை. வேறொரு தகுதியைத் தேடிப் பெறவும் இல்லை. குயவரின் தொண்டு ஓடு. நெசவாளரின் தொண்டு துணி. எண்ணெய் ஆட்டுவோரின் தொண்டு விளக்கு. கை அறிந்த வேலையே காணிக்கையாகிறது. சமூகம் தாழ்வாகக் கருதிய தொழில்களும் இவ்வரிசையில் இடம்பெறுகின்றன. அழுக்கு நீக்குதலும் மீன் பிடித்தலும் தொண்டின் வடிவங்களாக ஏற்கப்படுகின்றன. தொழிலுக்குப் புறத்தே நின்று அதனைத் தூய்மைப்படுத்தும் சடங்கு எதனையும் சேக்கிழார் இங்குக் கூறவில்லை. தொழிலைச் செய்யும் நோக்கமே அதன் மதிப்பை முடிவுசெய்கிறது.

திருக்குறிப்புத்தொண்டர் என்னும் பெயரே இதற்கு விளக்கமாகும். அடியாரின் உள்ளக் குறிப்பை அறிந்து பணி செய்தமையால் அப்பெயர் வந்தது. எதிரே நிற்பவர் சொல்லாமலே அவர் தேவையை உணரும் கூர்மை இங்குத் தொண்டின் இலக்கணமாகிறது. எந்தத் தொழிலிலும் நற்பணியை வெறும் பணியினின்று பிரித்துக் காட்டுவது இக்கூர்மையே ஆகும்.

2. சிறிய அளவும் இடையறாமையும்

இத்தொண்டுகளின் அளவு மிகச் சிறியது. ஒரு மீன், ஓர் ஓடு, ஒரு கந்தை, ஒரு வேளை உணவு என்னும் அளவிலேயே அவை அமைகின்றன. அவற்றின் பெருமை இடையறாமையில் உள்ளது. நாள்தோறும் தவறாது செய்யப்படுவதால்தான் அச்சிறு செயல் கொள்கை என்னும் தகுதியைப் பெறுகிறது.

வளமான நாளில் நூறு மீன்களுள் ஒன்றை விடுவதால் அதிபத்தருக்கு இழப்பு ஏதும் இல்லை. அவ்வழக்கம் நம்பிக்கையா, பழக்கமா என்பதை அன்று எவராலும் கூற இயலாது. மீன்வளம் குன்றி, நாளுக்கு ஒரு மீனே கிடைக்கும் நிலை வருகிறது. அதனையும் அவர் கடலிலேயே விடுகிறார். சுற்றத்தார் பசியால் வாடுகின்றனர். இறுதியில் பொன்னும் மணியும் ஆகிய மீன் ஒன்று வலையில் அகப்படுகிறது. அன்றும் கிடைத்தது ஒன்றே. அதனையும் அவர் விட்டுவிடுகிறார். வறுமையில் ஒரு சோதனையும் பெருஞ்செல்வம் கைக்கு வந்தபோது ஒரு சோதனையும் அடுத்தடுத்து அமைகின்றன. இரண்டிலும் அவர் செயல் மாறவில்லை. மீனின் விலை மாறியபோதும் கணக்கு மாறவில்லை என்பதே அவர் கொள்கையின் உறுதி.

3. சோதனை நிகழும் இடம்

அதிபத்தர் வரலாற்றில் காணும் அமைப்பு பிற புராணங்களிலும் மீண்டும் வருகிறது. அடியாரின் நம்பிக்கை, அவர்தம் பிழைப்பு நெருக்கடிக்கு உள்ளாகும் இடத்திலேயே சோதிக்கப்படுகிறது. பரதவருக்கு மீன் குறைகிறது. உழவருக்கு நெல் தீர்கிறது. ஏகாலியருக்கு வெயில் மறைகிறது.

குளிர்காலத்தில் அழுக்கேறிய கந்தையுடன் வந்த அடியார், பொழுது மறைவதற்குள் அதனைத் திருப்பித் தரவேண்டும் என்னும் நிபந்தனையோடு திருக்குறிப்புத்தொண்டரிடம் கொடுக்கிறார். துணி வெளுக்கப்பட்ட பின் பெருமழை பொழிகிறது. மழை விடவில்லை, பொழுதும் சாய்கிறது. தம் தலையைத் துணி துவைக்கும் கல்லிலேயே மோதுகிறார் தொண்டர். அவரை வருத்தியது தண்டனை பற்றிய அச்சம் அன்று. மெலிந்த உடலினர் ஒருவர் தம்மால் குளிரில் நடுங்க நேர்ந்ததே என்னும் துயரமாகும். சொன்ன நேரத்தில் வேலையை முடித்துத் தருதல் என்னும் எளிய தொழில் ஒழுக்கம் இங்கு உயிரினும் பெரிதாகிறது.

பழையாறை வணிகர் அமர்நீதியாரின் சோதனைக்குத் துலாக்கோல் கருவியாகிறது. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட கோவணம் காணாமற் போக, அதற்கு ஈடாகத் தம் செல்வம் அனைத்தையும் தட்டில் வைக்கிறார். தட்டு நேர் நிற்கவில்லை. இறுதியில் மனைவியோடும் மைந்தனோடும் தாமே ஏறுகிறார். நிறுத்துக் கொடுத்து வாழ்ந்தவர் தாமே நிறுக்கப்படுகிறார். அடைக்கலப் பொருளின் மதிப்பை அதன் சந்தை விலை தீர்மானிப்பதில்லை என்பதை, வணிகர் ஒருவரின் தராசைக் கொண்டே சேக்கிழார் உணர்த்துகிறார்.

4. மனையில் பகிரப்படும் நம்பிக்கை

இதுவரை கண்டவற்றில் அடியார் ஒருவரின் உறுதியே முன்னிற்கிறது. ஆனால் பிழைப்பு நெருக்கடி எப்போதும் குடும்பத்தின் நெருக்கடியாகவே அமையும். எனவே மனையோரின் நிலையையும் ஆராய்தல் இன்றியமையாதது.

இளையான்குடி மாறனார் வரலாறு இவ்வகையில் முதன்மையானது. செல்வம் சுருங்கிக் கடன்பட்டும் விருந்தோம்பலை விடாத உழவர் அவர். மழை பெய்யும் இரவில் விருந்தினர் ஒருவர் வருகிறார். வீட்டில் அரிசி இல்லை. இனி அயலார் உதவார் என்பதை உணர்ந்தவர் மனைவியே. பகலில் விதைத்த நெல்முளையை வாரிவந்தால் சமைக்கலாம் என்னும் வழியைக் கண்டவரும் அவரே. மாறனார் இருளில் காலால் தடவி வழியறிந்து சென்று கூடையில் நெல்லை வாரிவருகிறார். மனைவி வாயிலில் காத்திருந்து வாங்கிச் சேற்றைக் கழுவுகிறார். விறகின்மையால் கணவர் கூரையின் வரிச்சுகளை அறுத்துத் தருகிறார். மனைவி நெல்லை வறுத்துக் குற்றி அரிசியாக்கி உலையிலிடுகிறார். கணவர் குழியில் முளைத்திருந்த கீரையைப் பறித்துவர, அதனை அவர் பலவகைக் கறிகளாக்குகிறார்.

இப்பகுதியில் செயல்கள் இருவருக்கும் மாறி மாறிப் பகிரப்படுகின்றன. அடுத்து என்ன செய்வது என்னும் அறிவு பெரிதும் மனைவியிடம் இருக்கிறது. விதைநெல்லை உண்ணுதல் உழவர் குடிக்கு வரும் ஆண்டையே இழத்தலாகும். அம்முடிவை முதலில் சொன்னவர் இல்லத்தரசியார். எனினும் நாயன்மார் வரிசையில் இடம்பெறுவது மாறனாரின் பெயரே. மனைவியின் பெயர் கூறப்படவில்லை. அறுபத்துமூவருள் காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் ஆகிய மூவரே பெண்கள். எண்ணிக்கையில் இடம்பெறாத பெண்களின் உழைப்பும் முடிவும் இல்லாமல் பல அடியார்களின் தொண்டு நிறைவேறியிராது என்பதைக் காப்பியத்தின் நிகழ்ச்சிகளே காட்டுகின்றன.

திருநீலகண்டர் வரலாற்றில் மனைவியின் பங்கு வேறுவகையானது. பரத்தையிடம் சென்றுவந்த கணவரை, திருநீலகண்டத்தின் மீது ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது எனத் தடுக்கிறார் அவர். கணவர் உயிரினும் மேலாகப் போற்றிய பெயரே அவரைக் கட்டும் ஆணையாகிறது. ஆணையில் 'எம்மை' என்னும் பன்மை வந்தமையால் எப்பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் எனக் கணவர் உறுதிகொள்கிறார். புறத்தார் அறியாதவாறு ஒரே இல்லத்தில் இருவரும் முதுமைவரை வாழ்கின்றனர். இறுதியில், ஓடு ஒன்று காணாமற்போன வழக்கின்பொருட்டு, தீண்டாமைக்குரிய காரணத்தைத் திருநீலகண்டரே தில்லையில் பலரறியக் கூற நேர்கிறது. மூங்கில் தண்டின் இரு முனைகளை இருவரும் பற்றிக் குளத்தில் மூழ்குகின்றனர்.

ஊரார்க்கு ஓடு வழங்கும் கொடையாளர், தம் இல்லத்தில் நேர்மை தவறுகிறார். அத்தவற்றைச் சுட்டுவது அவர் நம்பிக்கையின் சொல்லையே கருவியாகக் கொண்ட மனைவியின் குரல். புறத்தொண்டு அகத்தவற்றை ஈடுசெய்யாது என்பது இப்புராணத்தின் உட்கருத்தாகும்.

5. இழப்பு எவருடையது?

கொள்கைக்காக ஒருவர் தம்முடையதை இழக்கலாம். பிறருடையதை இழக்கச் செய்யலாமா? பெரியபுராணம் இவ்வினாவை நேரடியாக எழுப்பவில்லை. ஆயினும் அதன் கதைகளை அருகருகே வைத்தால் இவ்வினா தானே எழுகிறது.

திருக்கடவூர்க் குங்கிலியக்கலயர் இல்லத்தில் மக்கள் பசித்திருக்க, நெல் வாங்கும்படி மனைவி தம் தாலியைக் கழற்றிக் கொடுக்கிறார். கலயர் அதனைக் கொண்டு குங்கிலியம் வாங்கிக் கோயிலில் சேர்க்கிறார். கொடுத்தவர் மனைவி, அவர் கொடுத்த நோக்கம் குழந்தைகளின் பசி. அந்நோக்கம் அவரைக் கேளாமலே மாற்றப்படுகிறது. கதையின் முடிவில் இல்லத்தைச் செல்வம் நிறைக்கிறது. அச்செய்தி மனைவிக்கே முதலில் கனவில் உணர்த்தப்படுகிறது. கணவர் மறந்த பசியை இறைவன் மறக்கவில்லை என்று இதனைப் பொருள்கொள்ள இடமுண்டு.

கலியர் வரலாறு இன்னும் கடுமையானது. செல்வம் இழந்து, கூலிக்குச் செக்காட்டி, அதுவும் போதாமல், விளக்கெரிக்க மனைவியை விற்க முற்படுகிறார். வாங்குவார் எவரும் இல்லை. பின்னர்த் தம் கழுத்தை அரிந்து குருதியால் விளக்கெரிக்கத் துணியும்போதே இறைவன் கை தடுக்கிறது. பிறரொருவரைப் பொருளாக்கும் முயற்சி நிறைவேறாமல் போவதும், தம்மையே கொடுக்கும்போது அருள் வெளிப்படுவதும் இங்கு உற்றுநோக்கத்தக்கன.

இவ்விளக்கத்துக்கு எதிரான சான்றும் நூலில் உண்டு. இயற்பகையார் தம் மனைவியை அடியாருக்கு அளிக்கிறார். தடுத்த சுற்றத்தாரை வெட்டி வீழ்த்துகிறார். கணவர் கூறியதைக் கேட்ட மனைவி முதலில் கலங்கிப் பின்னர்த் தெளிந்தார் எனச் சேக்கிழார் கூறுகிறார். அக்கலக்கம் குறிக்கப்பட்டிருப்பது சிறிதன்று. எனினும் நிகழ்ச்சி போற்றுதலோடே முடிகிறது. எனவே, தன் இழப்பையும் பிறர் இழப்பையும் வேறுபடுத்தும் ஒரே சீரான அறக்கோட்பாடு பெரியபுராணத்தில் உண்டு எனக் கூற இயலாது. அவ்வேறுபாட்டை உணர்வதற்குரிய கதைக்கூறுகள் உண்டு என்பதே பொருந்தும். இந்நூலை வாழ்க்கை நெறிக்குச் சான்றாக எடுத்தாளும் ஆய்வாளர் இவ்விருவகைச் சான்றுகளையும் மறைக்காமல் காட்டுதல் கடமையாகும்.

முடிவுரை

பெரியபுராணத்தின் தொழிலடியார் வரலாறுகள், அன்றாட வாழ்வில் நம்பிக்கையைக் கடைப்பிடித்தலின் மூன்று கூறுகளைப் புலப்படுத்துகின்றன. முதலாவது, நம்பிக்கையை வெளிப்படுத்தத் தனிக்களம் தேவையில்லை, கைத்தொழிலே போதும். இரண்டாவது, அதன் உண்மை பிழைப்புக்கு நெருக்கடி நேரும் நாளில் தெரியவருகிறது. அதுவரை தொடர்ந்த சிறு ஒழுக்கமே அந்நாளில் துணைநிற்கிறது. மூன்றாவது, அதன் நேர்மைக்கு முதற்சான்று கூறத்தக்கவர் ஊரார் அல்லர், மனையோரே.

மூன்றாவது கூறு ஆய்வுலகில் மேலும் கவனிக்கப்பட வேண்டியது. மனைவியர் பேசும் இடங்கள், பேசாத இடங்கள், பெயரற்று நிற்கும் இடங்கள் ஆகியவற்றைப் புராணந்தோறும் தொகுத்து ஆராய்ந்தால், தொண்டின் வரலாறு ஒருவருடையதாக மட்டும் இராது. விதைநெல்லை வாரிவந்தவர் மாறனார். அதனை வாரிவரலாம் என்றவர், சேற்றைக் கழுவியவர், அரிசியாக்கிச் சமைத்தவர் அவர் மனைவி. கொள்கை என்பது இருவர் கையிலும் இருந்தது.