காரில் ஒரு தீயணைப்பான்: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது?

மெத்தையிட்ட ஆசனங்களும் குளிர்ந்த காற்றும் உள்ள சிறிய அறையாகவே பிரயாணிகளுக்குத் தோன்றும் மோட்டார் கார், உள்ளபடி நோக்கினால், முப்பது நாற்பது லிட்டர் பெட்ரோலையும், கடுஞ்சூடேறும் புகைக்குழாயையும், நூற்றுக்கணக்கான அடி நீளமுள்ள மின்கம்பிகளையும், எளிதில் பற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக்கையும் பஞ்சையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிக்கொண்டு ஓடும் இயந்திரமே ஆகும். இவை ஒன்றையொன்று அணுகாமல் விலகியிருக்கும் வரையில் அபாயம் இல்லை. அந்த விலகலைக் காத்துவரும் ஒரு ரப்பர்க் குழாயோ, ஒரு கம்பியின் மேலுறையோ கெட்டுப்போகும்போதுதான் தீ பிறக்கிறது. அவ்வாறு பிறக்கும் தீ, முதல் ஒரு நிமிஷத்தில் பெரும்பாலும் தனிமனிதர் ஒருவரின் முயற்சிக்கு அடங்குவதாகவும், சில நிமிஷங்கள் கழிந்தபின் தீயணைப்பு வண்டியின் நீர்த்தாரைக்கு மட்டுமே அடங்குவதாகவும் இருக்கிறது என்பதே இந்த விஷயத்துக்கு ஆதாரமான உண்மை. ஆகையால், கார் வைத்திருப்போர் எந்தக் கருவி சிறந்தது என்று விசாரிப்பதோடு நின்றுவிடாமல், ஆபத்துச் சமயத்தில் அது தம் கைக்கு எத்தனை விநாடியில் வந்து சேரும் என்பதையும் யோசிக்க வேண்டும். வாங்குவதைக் காட்டிலும் பொருத்துவதே பெரிய காரியம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீ பிறக்கும் இடங்கள்

பெட்ரோலின் ஆவி, பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமானது ஆதலால், கசிந்த இடத்திலிருந்து மேலே கலைந்துபோகாமல் தாழ்வான பகுதிகளில் பரவித் தேங்குவது. பக்கத்தில் ஒரு பொறி எழுந்தாலும் போதும், பற்றிவிடும். டீசலும் இஞ்சின் ஆயிலும் அத்தனை எளிதில் பற்றாதவை என்றாலும், கடுஞ்சூடேறிய புகைக்குழாயின்மேல் சொட்டினால், பொறியே இல்லாமலும் அவை எரியத் தொடங்கும். இன்னொரு பெரிய காரணம் மின்சாரம். கார் வாங்கியபின் பொருத்திக்கொள்ளும் கூடுதல் விளக்குகளுக்கும், உரத்த ஹாரனுக்கும், பாட்டுப் பெட்டிக்குமாக, உரிய ஃபியூஸ் இல்லாமல் வெட்டி ஒட்டப்படும் கம்பிகளும், பல நாள் ஓடாமல் நிற்கும் வண்டியின் பானெட்டுக்குள் எலிகள் கடித்துவைக்கும் கம்பிகளும், ஒன்றோடொன்று உரசிச் சூடேறி, மேலுறையையே எரிபொருளாக்கிக்கொண்டு புகையத் தொடங்குகின்றன.

நம் நாட்டுப்புறத்துக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. அறுவடைக் காலத்தில், கொள்ளும் உளுந்தும் போன்ற பயிர்களைச் செடியோடு சாலையில் பரப்பி, போகிற வருகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று விடுவது பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. அந்தக் காய்ந்த கொடிகளும் தாள்களும் வண்டியின் அடிப்பாகத்தில் சுற்றிக்கொண்டு, பல நூறு பாகை சூடேறும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் புகைக்குழாயையும் தொட்டுப் பற்றிக்கொள்வது உண்டு. இத்தகைய இடங்களைக் கடந்த பிறகு, வண்டியைச் சற்று நிறுத்தி அடிப்பாகத்தைக் குனிந்து பார்ப்பது விவேகம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆசனத்தின் பஞ்சும் துணியும் திடப்பொருள், பெட்ரோலும் எண்ணெயும் திரவம், சி.என்.ஜி. வாயு. நம் நாட்டுத் தர நிர்ணயப்படி இவற்றின் தீ முறையே 'ஏ', 'பி', 'சி' என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இம்மூன்றும் ஒரே காரில் எரியக்கூடும். அவற்றோடு மின்சாரமும் கலந்திருக்கக்கூடும் ஆதலால், காருக்கான தீயணைப்பான் இவை எல்லாவற்றுக்கும் ஏற்றதாக இருத்தல் அவசியம். எரியும் பெட்ரோலின்மேல் தண்ணீரைக் கொட்டினால், பெட்ரோல் அதன்மேல் மிதந்து தீயை நாலாபக்கமும் கொண்டுசெல்லும். கரியமிலவாயு உருளை, மின்சாரத் தீக்கு மிக நல்லதெனினும், கனமான எஃகினால் ஆனது. திறந்த வெளியில் காற்றடித்தால் அதன் வாயு கலைந்துபோகும். மூடிய காருக்குள் கசிந்தாலோ மூச்சையே அடைக்கும்.

இந்த மூச்சு விஷயத்தில் உலகம் ஒரு பாடம் கற்றிருக்கிறது. அமெரிக்காவின் பைரீன் கம்பெனி 1911-இல் காப்புரிமை பெற்ற சிறிய பித்தளைக் கைப்பம்பு, கார்பன் டெட்ராகுளோரைடு என்ற திரவத்தைப் பீச்சித் தீயை அணைப்பதாக இருந்து, நெடுங்காலம் மோட்டார் வண்டிகளில் பெருவழக்காக விளங்கிற்று. ஆனால் அத்திரவம் நச்சுடையது என்பதோடு, சூட்டில் ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய வாயுவாகவும் மாறக்கூடியது என்பது கண்டு, 1950-களில் அது கைவிடப்பட்டது. அதன்பின் வந்த ஹேலான், தீயை அணைப்பதில் நிகரற்றதாக இருந்தும், வானத்தின் ஓசோன் படலத்தைக் குலைப்பது தெரியவந்ததால், 1987-இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே உற்பத்தி நிறுத்தப்பட்டது.

இன்று சாதாரணக் குடும்பக் காருக்குப் பொருத்தமாக இருப்பது ஏ.பி.சி. பொடித் தீயணைப்பானே. இதிலுள்ள மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்னும் உப்பு, எரிதலின் ரசாயனத் தொடரைத் துண்டிப்பதோடு, சூடான பொருளின்மேல் உருகிப் படிந்து, பிராணவாயு அணுகாதபடி மூடிக்கொள்கிறது. சோடியம் பைகார்பனேட் நிரப்பிய பி.சி. பொடி, எண்ணெய்த் தீயை அணைத்தாலும் ஆசனத்தின் பஞ்சில் கனலும் தீயை அணைப்பதில்லை ஆதலால், வாங்கும்போது உருளையின் மேல் 'ஏ.பி.சி.' என்ற எழுத்துகளைக் கண்ணால் பார்த்தே வாங்க வேண்டும். இப்பொடிக்கும் குறை உண்டு, அது தொண்டையைக் கரிக்கும், உலோகத்தை அரிக்கும், பயன்படுத்தியபின் விரைவில் துடைத்துக் கழுவாவிட்டால் இஞ்சினின் அலுமினியப் பாகங்களைக் கெடுக்கும். ஆயினும் எரிந்துபோன காரைவிடத் துருப்பிடித்த கார் மேல் என்பதில் ஐயமில்லை. படிவு விடாத 'கிளீன் ஏஜென்ட்' வகை, விலை மிகுதியானாலும், செலவு செய்ய இயன்றவர்களுக்கு நல்லதே.

அளவைப் பொறுத்தவரை, 1 கிலோ பொடி என்பது குறைந்தபட்சம். இடம் இருந்தால் 2 கிலோவே சிறந்தது. 1 கிலோ கருவி ஏறத்தாழ 8 முதல் 10 விநாடிக்குள் முழுவதும் காலியாகிவிடும் என்பதை அறிந்தவர்கள், இந்த வேறுபாட்டை அற்பமென்று கருதமாட்டார்கள். உருளையின்மேல் '34 பி' என்பது போன்ற ஒரு குறி இருக்கும். சோதனைச் சாலையில் எவ்வளவு பெரிய எண்ணெய்த் தீயை அக்கருவி அணைத்தது என்பதை அது காட்டுகிறது. எண் பெரிதாக ஆக ஆற்றலும் பெரிதாகும். ஐ.எஸ். 15683 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கின்றனவா, தயாரித்த மாதமும் வருஷமும் அச்சிடப்பட்டுள்ளனவா, அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்ற மூன்றையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே வெப்பம் 60 பாகையைத் தொடுவது நம் நாட்டில் சாதாரணம். 50 பாகைக்கு மேல் வைக்கக்கூடாது என்று எச்சரிக்கும் மெல்லிய தகர ஸ்பிரே குப்பிகள், இக்காரணத்தால் நம் காருக்கு உகந்தவை அல்ல.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

டிக்கியில் ஸ்டெப்னியோடும் பெட்டி படுக்கைகளோடும் சேர்த்துக் கிடத்தப்படும் தீயணைப்பான், வாங்கப்படாத தீயணைப்பானுக்கு ஏறக்குறைய ஒப்பானதே. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் டிக்கி திறக்காது. சாமான்களை இறக்கித் தேடினால் அருமையான முதல் நிமிஷம் கழிந்துவிடும்.

கட்டாமல் ஆசனத்தின்மேலோ காலடியிலோ போட்டுவைப்பது அதனினும் கொடிது. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு சுவரில் மோதி, முகப்பு அரை மீட்டர் நசுங்கி நிற்பதாகக் கணக்கிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு விசையோடு முன்னோக்கிப் பாய முற்படும். உருளையும் சேர்ந்து 2 கிலோ எடையுள்ள கருவி, அந்த ஒரு கணத்தில் 40 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னிருப்பவரின் பிடரியைத் தாக்க வல்லது. இதை உத்தேசித்தே, சர்வதேச மோட்டார் பந்தயச் சம்மேளனம், பந்தயக் கார்களில் தீயணைப்பானின் பிணைப்பு 25 மடங்கு புவியீர்ப்பு விசையைத் தாங்க வேண்டும் என்றும், இரண்டுக்குக் குறையாத, விரைவில் விடுவிக்கத்தக்க உலோகப் பட்டைகளால் அது கட்டப்பட வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. குடும்பக் காருக்கும் இதுவே நல்ல அளவுகோல். கடையில் கருவியோடு சேர்த்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் பிராக்கெட்டையும், ஒட்டும் நாடாக்களையும், உள்ளலங்காரப் பிளாஸ்டிக்கில் முடுக்கும் சிறு திருகாணிகளையும் நம்பலாகாது.

இடம் எது? நம் நாட்டில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் அமர்கிறார். அவருக்கு அருகே, இடப்பக்கத்து முன் ஆசனத்தின் முன்விளிம்புக்குக் கீழே, காரின் அகலவாட்டில் கிடையாகப் பொருத்துவதே பெரும்பாலான கார்களுக்கு ஏற்றது. ஓட்டுகிறவர் சற்றே சாய்ந்து கைநீட்டி எடுக்கலாம். வெளியே இறங்கியவரும் இடக்கதவைத் திறந்து எடுக்கலாம். ஓட்டுகிறவரின் ஆசனத்துக்கு முன்னால் வைப்பதில் ஒரு பேரபாயம் இருக்கிறது. பிடி தளர்ந்து உருண்டால், உருளை பிரேக் பெடலின் அடியில் சென்று சிக்கிக்கொள்ளும். ஏர்பேக் விரியக்கூடிய டாஷ்போர்டிலும், கதவோரத் தூண்களிலும், ஆசனத்தின் வெளிப்புறப் பக்கத்திலும் எதையும் பொருத்தவே கூடாது. ஆசனத்தின் அடியில் காணப்படும் மஞ்சள் நிற இணைப்புகள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை ஆதலால், அவற்றைத் தொடுவதும் ஆகாது.

தரையில் புதிதாகத் துளையிடுவதும் ஆபத்தே. அத்தகட்டின் கீழேதான் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன. ஆசனத்தைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளிலேயே ஓர் எஃகுப் பட்டையைச் சேர்த்து, அதன்மேல் உலோக பிராக்கெட்டை அமைக்கும்படி தேர்ந்த மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். அந்த போல்ட்டுகள் விபத்தில் உயிர் காப்பவை; அவற்றுக்குப் பதிலாக மலிவான போல்ட்டைப் போட இடங்கொடுக்கலாகாது. வேலை முடிந்தபின், ஆசனத்தை முன்னும் பின்னும் முழுத்தூரம் நகர்த்தி, எங்கும் உராயவில்லை என்று பார்த்து, அழுத்தமானி கண்ணில் படுமாறும் பாதுகாப்பு ஊசி எதிலும் மாட்டாதவாறும் திருப்பிவைக்க வேண்டும்.

ஓயாத அதிர்வினால் பொடி அடியில் இறுகிப்போவது இயல்பு. ஆகவே மாதம் ஒருமுறை உருளையை வெளியே எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கி, அழுத்தமானியையும் பார்த்துத் திரும்பப் பொருத்துவது நல்லது. ஆண்டுக்கொரு முறை தகுந்தவரிடம் காட்டிப் பரிசோதிப்பதும் வேண்டும். வேலை செய்கிறதா என்று பார்க்கச் சிறிது பீச்சிப் பார்ப்பது கூடவே கூடாது. வால்வில் சிக்கும் பொடியின் வழியே அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்துவிடும்.

தீப்பற்றினால்

பெல்ஜியம், போலந்து, கிரீஸ் போன்ற நாடுகள் சொந்தக் கார்களிலும் தீயணைப்பானைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. நெடுங்காலம் கட்டாயமாக வைத்திருந்த பிரேசிலோ, 2015-இல் அதை விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ஓட்டுகிறவர்களுக்கு அதைக் கையாளும் பயிற்சி இல்லை என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆகவே, கருவியோடு பயிற்சியும் சேர வேண்டும்.

புகையோ, ரப்பர் கருகும் நாற்றமோ எழுந்தவுடன் வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்து, முதலில் எல்லாரையும், குறிப்பாகக் குழந்தைகளையும் முதியோரையும், வெளியேற்றித் தூரத்துக்கு அனுப்ப வேண்டும். 101 அல்லது 112-க்குத் தகவல் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகே தீயைப் பற்றிய யோசனை. காற்று வீசிவரும் பக்கத்தில் நின்று, ஊசியைப் பிடுங்கி, உருளையை நிமிர்த்திப் பிடித்து, இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து, சுவாலையின் நுனியில் அல்லாமல் அடியில், இப்புறமும் அப்புறமும் வீசிப் பொடியைச் செலுத்த வேண்டும். தீ இஞ்சினில் இருந்தால் பானெட்டை முழுவதும் திறக்கலாகாது. உள்ளே புகும் காற்று தீயை முகத்தில் எறியும். உள்ளிருக்கும் கொக்கியை மட்டும் விடுவித்து, கிடைக்கும் சிறு இடைவெளி வழியாகவோ, முன்புறச் சல்லடை வழியாகவோ பீச்ச வேண்டும்.

1973 ஜூலை 29 அன்று ஹாலந்தின் ஸாண்ட்வோர்ட் பந்தயத்தில், கவிழ்ந்து எரிந்த காருக்குள் ரோஜர் வில்லியம்சன் சிக்கியபோது, டேவிட் பர்லி என்ற சக வீரர் தம் காரை நிறுத்தி ஓடிவந்து, தனியொருவராக ஒரு தீயணைப்பானை முழுவதும் பீச்சியும் அவரைக் காப்பாற்ற இயலவில்லை. வளர்ந்துவிட்ட தீக்குமுன் தீரமும் ஒரு சிறு உருளையும் போதா. ஆகையால், தீ ஆசனங்கள் வரை வந்துவிட்டாலும், பெட்ரோல் டேங்கின் பக்கம் எரிந்தாலும், வாயு உருளை உள்ள வண்டியானாலும், கருவியைக் கீழே போட்டுவிட்டு விலகிச் செல்வதே அறிவுடைமை. மின்சாரக் காரின் பேட்டரி பற்றிக்கொண்டால், பொடி அதன் உள்ளெரிச்சலை நிறுத்தாது. ஏராளமான நீரால் நெடுநேரம் குளிரவைக்க வேண்டியிருப்பதால், அதைத் தீயணைப்புப் படையினரிடமே விட்டுவிட வேண்டும்.

எத்தனையோ அலங்காரங்களுக்குப் பணம் செலவிடும் கார் உரிமையாளர்கள், இந்த ஒரு சாதனத்துக்கும் அதன் உலோகப் பிணைப்புக்குமான சிறு செலவைத் தள்ளிப்போடலாகாது. ஏற்கெனவே ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டிருப்பவர்கள், இன்றைக்கே அதை வெளியே எடுத்து, அழுத்தமானியைப் பார்த்து, முன் ஆசனத்தின் அடியில் உறுதியாகப் பொருத்திக்கொள்ளுமாறும், வீட்டில் கார் ஓட்டும் ஒவ்வொருவரையும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் அளவுக்குப் பழக்கிவைக்குமாறும் வேண்டிக்கொள்கிறோம்.