பெட்டகத்தில் ஒரு பிரதி

ஜே.கே. ரோலிங்கின் ஹாரி பாட்டர் நாவல்கள் ஏழும் 1997 முதல் 2007 வரை வெளிவந்தவை. அவற்றில் வரும் கொடியவன் வோல்டமார்ட், சாகாதிருக்க விரும்பித் தன் ஆன்மாவைக் கூறுகளாக்கிப் பல பொருள்களில் ஒளித்து வைக்கிறான். ஒன்று குகையில், ஒன்று பள்ளியில், இன்னொன்று கிரிங்காட்ஸ் என்னும் மந்திர வங்கியின் பெட்டகத்தில். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்காத அந்த மதியூகி, அவை பத்திரமாக உள்ளனவா என்று சரிபார்க்கத் தவறினான். பெட்டகம் களவு போன பின்னரே விழித்துக்கொண்டான். அதற்குள் சில அழிந்திருந்தன.

அவன் நோக்கம் தீயது. ஆயினும் கதை தரும் பாடம் கணினியில் விளையாடும் பிள்ளைகளுக்கு உதவும். அவர்கள் மாதக்கணக்கில் ஆடிக் கடந்த கட்டங்கள் யாவும் ‘சேவ்’ எனப்படும் சிறு கோப்புகளில் அடங்கியுள்ளன. விளையாட்டை மீண்டும் பதிவிறக்கலாம். அக்கோப்பு போனால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு விளையாட்டும் அதனை வெவ்வேறு இடத்தில் வைப்பதால் தேடுவது கடினம். லுடுசாவி என்னும் இலவச மென்பொருள் அவற்றைக் கண்டறிந்து நகலெடுத்துத் தருகிறது. ஸ்டீம் போன்ற தளங்களின் கிளவுட் சேமிப்பு வசதியானதே; எனினும் கணினியில் கோப்பு பழுதானால் அப்பழுதே அங்கும் சென்று சேரக்கூடும். ஆகவே வெளி வன்தட்டில் தனி நகலொன்று இருப்பது நலம்.

நகல் இருக்கிறதா, திறக்கிறதா என்று மாதமொருமுறை சரிபாருங்கள். குடும்பப் புகைப்படங்களுக்கும் ஆவணங்களுக்கும் இம்முறையே பொருந்தும். வங்கிக் கடவுச்சொல்லையும் பின் எண்ணையும் மட்டும் எந்த நகலிலும் எழுதி வைக்கலாகாது.