காரேஜில் கார் லிஃப்ட்... வாங்கும் முன் தரையைப் பாருங்கள்!

சலூனில் முடிவெட்ட உட்கார்ந்ததும், கடைக்காரர் காலால் ஒரு மிதியை நாலு முறை அழுத்துவார். நாற்காலி நம்மையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேலே எழும்பும். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரைச் சேர்ந்த பீட்டர் லுனாட்டி என்ற மெக்கானிக்குக்கு இதைப் பார்த்துத்தான் ஒரு யோசனை பிறந்தது. மனிதரைத் தூக்கும் இதே வித்தையால் காரையும் தூக்கலாமே! 1920-களின் நடுவில் அவர் உருவாக்கிய ஹைட்ராலிக் லிஃப்ட், ஒர்க்‌ஷாப்களின் முகத்தையே மாற்றியது. நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடைகளில் ஒற்றைத் தூண்மேல் நின்று குளிக்கும் கார்களும் அந்த யோசனையின் வாரிசுகள்தான்.

இப்போது அந்த லிஃப்ட் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் மெக்கானிக் கூலி அதிகம். ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது போன்ற வேலைகளை வீட்டு காரேஜிலேயே செய்துகொள்பவர்கள் ஏராளம். டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்களிலும் அப்படி உண்டு. சில ஆயிரம் டாலர் கொடுத்தால் லிஃப்ட் வீடு தேடி வரும். ஆனால், தலைக்கு மேல் நிற்கப்போவது இரண்டு டன் இரும்பு. தவறு நடந்தால் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. அதனால், வாங்கும் முன் யோசிக்க வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

எதற்காக வாங்குகிறீர்கள்?

வீட்டுக்கு வரும் லிஃப்ட்களில் மூன்று வகை பிரபலம்.

இரண்டு தூண் லிஃப்ட்: இருபக்கமும் ஒரு தூண். அதிலிருந்து நீளும் நான்கு கைகள் காரின் அடிச்சட்டத்தைத் தாங்கும். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்குவதால் டயர், பிரேக், சஸ்பென்ஷன் என எல்லா வேலையும் சுலபம். ஆனால், கார் விழாமல் நிற்பது முழுக்க முழுக்க தரையில் இறக்கிய ஆங்கர் போல்ட்களின் பிடியில்தான்.

நான்கு தூண் லிஃப்ட்: கட்டிலைப் போல நான்கு கால்கள். இரண்டு தண்டவாளங்கள் மீது காரை ஓட்டி ஏற்றிவிடலாம். ஒரு கார் மேலே, இன்னொன்று கீழே என்று நிறுத்த இடமில்லாதவர்களுக்கு இதுதான் சரி. எடை நான்கு மூலைகளுக்கும் பிரிவதால் தரைமீது சுமை குறைவு. ஆனால், டயரைக் கழற்ற வேண்டுமென்றால் தனியாக ஒரு ஜாக் வேண்டும்.

கத்தரி லிஃப்ட்: மடக்குக் கத்தரிபோல விரிந்து காரை இடுப்பளவு உயர்த்தும். கூரை தாழ்வாக உள்ள காரேஜுக்கு ஏற்றது. உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். ஆனால், காரின் நடுப்பகுதியை லிஃப்டே மறைத்துக்கொள்ளும்.

கூரை இடிக்குமா?

சாதாரண கார் ஒன்றரை மீட்டர் உயரம். அதன் கீழே ஒருவர் நிமிர்ந்து நிற்க 1.8 மீட்டர் வேண்டும். கூட்டினால் 3.3 மீட்டர்... கிட்டத்தட்ட 11 அடி! அமெரிக்க வீடுகளில் காரேஜ் கூரை பெரும்பாலும் 8, 9 அடிதான். எஸ்.யு.வி என்றால் இன்னும் இடிக்கும். கூரையை மட்டும் அளந்தால் போதாது. மேலே தொங்கும் விளக்கு, காரேஜ் கதவின் மோட்டார், கதவு திறந்ததும் வந்து நிற்கும் இடம் எல்லாவற்றையும் அளக்க வேண்டும்.

தரைதான் உயிர்

லிஃப்ட் வாங்குபவர்கள் இரும்பின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தரையை. இரண்டு தூண் லிஃப்டுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பது குறைந்தது 4 அங்குல கனமும் 3,000 பி.எஸ்.ஐ வலிமையும் கொண்ட கான்கிரீட். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ எம்25 கலவை. சில மாடல்களுக்கு இதைவிட அதிகம் தேவை. தரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஓரத்தில் நாலு அங்குலம் தெரிந்தாலும் நடுவில் இரண்டரைதான் இருக்கலாம். தூண் வரப்போகும் இடத்திலேயே சிறு துளை போட்டு ஆழத்தை அளப்பதுதான் வழி.

துளை போடும் முன் இன்னொரு சோதனை உண்டு. டெக்சாஸ், கலிஃபோர்னியா, அரிசோனா போன்ற மாநிலங்களில் பல வீடுகளின் அடித்தளத்துக்குள் எஃகுக் கேபிள்களை இழுத்து இறுக்கிப் பூட்டியிருப்பார்கள். களிமண் பூமி ஈரத்தில் உப்பியும் வெயிலில் சுருங்கியும் விளையாடுவதால், தரை விரிசல் விடாமலிருக்க இந்த ஏற்பாடு. ஒவ்வொரு கேபிளிலும் பத்து டன்னுக்கு மேல் இழுவிசை இருக்கும். தெரியாமல் டிரில் போட்டு அதை அறுத்துவிட்டால், கேபிள் தரையைப் பிளந்துகொண்டு சீறி வெளியே வரலாம். ஆளுக்கும் ஆபத்து, வீட்டின் அஸ்திவாரத்துக்கும் ஆபத்து. 'வெட்டாதே, துளைக்காதே' என்ற எச்சரிக்கை முத்திரையை காரேஜ் தரையிலேயே பதித்திருப்பார்கள். கார்ப்பெட்டோ பெயின்ட்டோ அதை மறைத்திருக்கலாம். முத்திரை இல்லை என்பதற்காக கேபிளும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டின் வரைபடத்தைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், ஸ்கேன் செய்பவரை அழைத்துக் கேபிள் ஓடும் பாதையைக் குறிக்கச் சொல்லுங்கள்.

தரை தேறவில்லையா? அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்துப் புதிதாகக் கனமான கான்கிரீட் போடலாம். கேபிள் தரையென்றால் பொறியாளரைக் கேட்காமல் வெட்டவே கூடாது. புதுக் கான்கிரீட் முழு வலிமை பெற 28 நாள்கள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு பத்தாம் நாளே போல்ட் போட்டால், அந்த அவசரம் பின்னால் தலைக்கு மேல் நிற்கும்.

எடைக் கணக்கு

வீட்டு லிஃப்ட்களில் பலவும் 9,000 முதல் 10,000 பவுண்டு, அதாவது 4,000 முதல் 4,500 கிலோ வரை தாங்கும். 'நம்ம கார் இரண்டு டன்தானே' என்று நிம்மதியாகிவிட வேண்டாம். 10,000 பவுண்டு என்பது நான்கு கைகளும் சேர்ந்து தாங்கும் அளவு. ஒரு கைக்கு 2,500 பவுண்டுதான். பிக்கப் டிரக் போன்ற வண்டிகளில் எஞ்சின் பக்கம் கனம் அதிகம் என்பதால், முன்கைகள் இரண்டும் கூடுதலாகச் சுமக்கும். எலெக்ட்ரிக் கார்களோ பேட்டரியால் கனத்துப்போனவை. அடியில் முழுக்க பேட்டரிதான். கை தவறான இடத்தில் பட்டால் பேட்டரி நசுங்கும்.

தரத்துக்கு அடையாளம் என்ன? அமெரிக்காவில் ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் விதிப்படி சோதனை செய்து தேறிய லிஃப்டில் தங்க நிற லேபிள் ஒட்டியிருக்கும். அதைத் தேடிப் பார்த்து வாங்குவது நல்லது. பழைய லிஃப்ட் மலிவாகக் கிடைக்கிறதென்றால், கையேடு இருக்கிறதா, கேபிள் துருப்பிடித்திருக்கிறதா, பூட்டுகள் விழுகின்றனவா என்று பாருங்கள். கழற்றிய ஆங்கர் போல்ட்களைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

பொருத்தும் நாளில்...

* துளை செங்குத்தாக, கையேடு சொல்லும் ஆழத்தில் இருக்க வேண்டும். துளைக்குள் தங்கும் தூசி போல்ட்டின் பிடியைக் குறைக்கும். ஊதியும் உறிஞ்சியும் சுத்தம் செய்ய வேண்டும்.
* விரிசலுக்கோ தரை ஓரத்துக்கோ மிக அருகில் போல்ட் போடக் கூடாது.
* போல்ட்டைக் கை அளவில் இறுக்கிவிட்டு 'போதும்' என்று விடக் கூடாது. டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். சொன்ன அளவை எட்டும் முன்பே போல்ட் சுற்றிக்கொண்டே போனால், அந்தத் தரை பிடிக்கவில்லை என்று பொருள். அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.
* மோட்டாருக்குத் தனி மின் இணைப்பு தேவைப்படலாம். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் அதைச் செய்ய வேண்டும். நகராட்சி அனுமதியும் வீட்டு இன்ஷூரன்ஸும் என்ன சொல்கின்றன என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தூக்கும்போது...

கார் கம்பெனி காட்டியிருக்கும் இடங்களில் மட்டுமே கைகளின் திண்டுகளை வைக்க வேண்டும். சக்கரம் தரையைவிட்டுச் சில அங்குலம் எழும்பியதும் நிறுத்தி, காரை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் இறக்கி, திரும்ப வையுங்கள். தேவையான உயரம் போனதும், லேசாக இறக்கி இரும்புப் பூட்டின்மேல் உட்கார வையுங்கள். எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பி கீழே போகக் கூடாது. குழாய் வெடித்தாலும் சீல் கசிந்தாலும் காரைப் பிடிக்கப்போவது அந்தப் பூட்டுதான்.

எஞ்சினையோ கியர்பாக்ஸையோ மேலே வைத்தபடியே கழற்றினால், காரின் எடை சட்டென்று ஒரு பக்கம் சாயும். முன்கூட்டியே ஸ்டாண்ட் வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். கார் சரிகிறது என்றால் தாங்கிப் பிடிக்க முயலாதீர்கள். விலகி ஓடுங்கள். அதற்காகவே சுற்றிலும் சைக்கிள், டப்பா என்று எதையும் அடைக்காமல் வழி விட்டிருக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒரு முறை, தகுதியுள்ளவரை வைத்து கேபிள், பூட்டு, போல்ட் எல்லாவற்றையும் பரிசோதிப்பது அவசியம்.

இது ஒர்க்‌ஷாப் அல்ல, வீடு. பந்து உருண்டுபோனால் குழந்தை பின்னாலேயே ஓடிவரும். பூனை நிழல் தேடிப் படுக்கும். இறக்கும் முன் நாலு பக்கமும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். வேலை முடிந்ததும் மின் இணைப்பை அணைத்துப் பூட்டு போடுங்கள்.

இத்தனையும் பார்த்தபின், 'நம்ம காரேஜுக்கு இது சரிப்படாது' என்று தோன்றினால் அதுவும் நல்ல முடிவுதான். ஆயில் மாற்றவும் டயர் கழற்றவும் ஒரு நல்ல ஜாக்கும், கனம் தாங்கும் இரண்டு ஜோடி ஸ்டாண்டும் போதும். ஆனால், அங்கேயும் ஒரே விதிதான்... ஸ்டாண்ட் வைக்காமல், வெறும் ஜாக்கை நம்பி காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்!